பூச்சு முடிந்த சுவரிற் கோணி நிற்கும் ஆளிகளும் குதைகளும்

வீடு கட்டி முடிந்து குடிபூரலுக்கு நாளும் பார்த்தாயிற்று. சுவர்களுக்குப் பூச்சிட்டு நிறமும் பூசியாயிற்று. கடைசியாக மின்வேலை செய்பவர் வந்து ஆளிகளையும் குதைகளையும் பொருத்திவிட்டுப் போகின்றார். அதன் பின்னரே, ஓர் ஆளி இடப்பக்கம் சரிந்திருப்பதும், மற்றொன்று சுவரை விட்டு வெளியே புடைத்து நிற்பதும், குதையொன்று குழியினுள் அமிழ்ந்திருப்பதும் வீட்டுக்காரரின் கண்ணிற் படுகின்றன. மேசன் மின்வேலைக்காரரைச் சொல்வார். மின்வேலைக்காரர் மேசனைச் சொல்வார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. ஆயினும் இருவரும் கூலி பெற்றுச் சென்ற பின்னர் அவ்வழக்கினால் ஆவது ஒன்றுமில்லை.

இது கண்ணுக்கு மட்டுமே உரிய குறையாயின் இம்மலரின் பக்கங்களை அதற்கெனக் கேட்டிருக்கமாட்டோம். கோணலை மறைக்கும் பொருட்டுத் திருகாணியை வலிந்து இறுக்குவது பலரின் வழக்கம். அவ்வாறு இறுக்கும்பொழுது தகட்டுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் வயர் பெட்டியின் விளிம்பில் நசுங்குகின்றது. அதன் உறை கிழிகின்றது. பெட்டி உலோகமாய்ப் புவித்தொடுப்பும் இல்லாததாயின், அன்று முதல் அத்தகட்டின் திருகாணித் தலைகளில் 230 வோல்ற்று மின்னழுத்தம் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆளி நேராக இருக்கும். ஆகையால், கோணல் தகட்டில் இல்லை, தகட்டின் பின்னுள்ள பெட்டியிலேயே உள்ளது என்பதை வேலை தொடங்குமுன் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

எமது பழைய வீடுகளில் இத்தொல்லை இருந்ததில்லை. வயர்கள் மரச்சட்டத்தின் மேலாகச் சுவருக்கு வெளியே சென்றன. ஆளி ஒரு வட்ட மரக்கட்டையின் மேல் அமர்ந்திருந்தது. கோணினால் இரண்டு திருகாணிகளைத் தளர்த்திக் கட்டையைச் சற்றே திருப்பினாற் போதும். அழகில்லை என்று அம்முறையை நாம் கைவிட்டோம். திருத்துவதற்கு இலகுவென்ற நன்மையும் அதனோடு போயிற்று. இன்று வயர் சுவரில் வெட்டிய தவாளிப்பின் வழியே பீ.வீ.சீ. குழாயினுள் வந்து, சுவரிற் புதைத்த பெட்டியொன்றினுள் முடிகின்றது. வேலைத்தலங்களில் ‘சங்க் பொக்ஸ்’ என்று வழங்குவது இப்பெட்டியே. பூச்சு இடுமுன் பெட்டி வைக்கப்படுகின்றது. பூச்சு முடிந்த பின் தகடு பொருத்தப்படுகின்றது. பூச்சின் தடிப்பு எவ்வளவு வரும் என்பதைப் பெட்டி வைப்பவர் ஊகித்தே வைக்கின்றார். 12 மி.மீ. என்று அவர் எண்ணிய இடத்தில், சுவரின் வளைவைச் சமன் செய்ய மேசன் 20 மி.மீ. பூசினாற் பெட்டி அமிழ்ந்துவிடும்; 8 மி.மீ. பூசினாற் புடைத்து நிற்கும். இன்னும், சாந்தினால் மட்டும் பிடித்து வைத்த பெட்டி, அச்சாந்து இறுகுமுன் மட்டப்பலகை பட்டால் தன் நிலையிலிருந்து திரும்பிவிடும்.

இன்னும் பூச்சு இடாத வீட்டினர்க்கு இரண்டொரு சொற்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் அருகே பூச்சின் இறுதி முகத்தைக் காட்டும் சாந்துப் பொட்டொன்றை மேசனைக் கொண்டு முதலில் வைப்பித்து, அதற்கு 2 அல்லது 3 மி.மீ. உள்ளாகப் பெட்டியின் விளிம்பை நிறுத்துதல் வேண்டும். பெட்டியின் காதுகளில் எண்ணெய் தடவிய பழைய திருகாணிகளைச் செலுத்தி, உள்ளே சீமெந்துப் பையின் கடதாசியை இறுக அடைத்துவிட்டாற் புரிகளிற் சாந்து புகாது. ஆளிகளின் உயரத்தை நிலத்திலிருந்து அளப்பது தவறு; நிலம் முடியாத வீட்டில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் ஓர் அங்குலம் வேறுபடுதல் அரிதன்று. நீர் நிறைத்த ஒளிபுகும் குழாயைக் கொண்டு வீடு முழுவதும் ஒரே கிடைக்கோட்டைக் குறித்து, அதிலிருந்து அளத்தலே முறை.

இனிப் பூச்சு முடிந்த சுவருக்கு வருவோம்.

தகட்டிற் கைவைக்குமுன் மின்னை நிறுத்துதல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். எதை நிறுத்துவது என்பதிலேதான் பிழை நேர்கின்றது. ஆளியை ‘ஓஃப்’ செய்தால் விளக்கு அணையுமேயன்றி ஆளிப்பெட்டி மின்னற்றதாகாது. உயிர்க்கம்பி அதுவரை வந்து அங்கே நின்றுகொண்டிருக்கின்றது. அச்சுற்றுக்குரிய சிறு சுற்றுடைப்பானை மட்டும் நிறுத்துவதும் சில வீடுகளிற் போதாது. ஒரே பெட்டியில் இரண்டு சுற்றுகளின் வயர்கள் வந்திருத்தல் கூடும். பிரதான ஆளியையே நிறுத்துதல் நன்று. அதற்கும் அப்பால் இக்காலத்துக்குரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்ட காலத்தின் பின்னர், பற்றரியில் இயங்கும் இன்வேற்றரை வைத்துக்கொண்ட வீடுகள் பல. பிரதான ஆளியை நிறுத்தியதும் மின்வெட்டு வந்ததென்று எண்ணி அப்பொறி தானே மின்னை வழங்கத் தொடங்கிவிடும். அதனையும் தனியே நிறுத்துதல் வேண்டும்.

நிறுத்திய பின்னர் மின் உண்மையில் இல்லை என்பதைச் சோதித்து அறிதல் வேண்டும். நியோன் விளக்குள்ள ரெஸ்ரர்த் திருப்புளியை மட்டும் நம்புதல் தகாது. பகல் வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாது, காய்ந்த மர முக்காலியின் மேல் நிற்பவர் கையில் அது மங்கிப்போகும், பழுதான ரெஸ்ரரும் ‘மின் இல்லை’ என்றே சொல்லும். வோல்ற்றுமானியையோ மல்ரிமீற்றரையோ கொண்டு, முதலில் மின் உள்ள ஓரிடத்திற் சோதித்து, அடுத்து வேலை செய்யும் இடத்திற் சோதித்து, மீண்டும் மின் உள்ள இடத்திற் சோதிக்க. கருவி பழுதில்லை என்பது அப்போதே உறுதியாகும். ஆதலால் மின் உள்ள ஒரு குதையை அயல் வீட்டிலாவது வைத்துக்கொள்ளல் வேண்டும். வீட்டில் ‘ட்றிப் சுவிச்சு’ இருக்கின்றதே என்று ஆறுதல் கொள்வோருமுளர். அது மின் நிலத்துக்கு ஒழுகுவதை உணர்ந்து விழுவது. ஒரு கை உயிர்க்கம்பியிலும் மறுகை நொதுமற் கம்பியிலும் பட்டால், நிலத்துக்கு ஒழுக்கு இல்லாதவரை, அம்மனிதனை ஒரு மின்குமிழென்றே அது கருதும்.

இனி அளவுகள். இங்கு வழங்கும் பிரித்தானிய முறைப்படியான ஒற்றைத் தகடு 86 மி.மீ. சதுரம். அதனைப் பிடிக்கும் திருகாணிகள் இடமும் வலமுமாக 60.3 மி.மீ. இடைவெளியில் உள்ளன, இரட்டைக் குதையில் அவ்விடைவெளி 120.6 மி.மீ. திருகாணியின் விட்டம் 3.5 மி.மீ.; அதன் புரி 0.6 மி.மீ. பழைய பெட்டிகளில் 4 பீ.ஏ. என்னும் பழைய புரி காணப்படும். அதன் விட்டம் 3.6 மி.மீ., புரி 0.66 மி.மீ. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதற் சுற்றுகளில் ஏறும். பின்னர் இறுகி, காதின் புரியைத் தின்றுவிடும். பழைய வீட்டில் வேலை செய்வோர் கழற்றிய திருகாணியை எறியாது வைத்துக்கொள்க. இலங்கையில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டமுனைக் குதைகளும் 13 அம்பியர் சதுரமுனைக் குதைகளும் நெடுங்காலம் கலந்து வழங்கின. 2016ஆம் ஆண்டிற் 13 அம்பியர் வகையே நியமமாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே குதையை மாற்றும் வேலையும் கோணலைத் திருத்தும் வேலையும் பெரும்பாலும் ஒருங்கே வருகின்றன. அவ்வாறு மாற்றுவோர், விளக்குச் சுற்றின் மெல்லிய வயரில் 13 அம்பியர்க் குதையை மாட்டலாகாது.

குறை நான்கு வகைப்படும்: தகடு தன் தளத்திலேயே திரும்பியிருத்தல், குழியில் அமிழ்ந்திருத்தல், புடைத்திருத்தல், ஒரு பக்கம் சுவரைத் தொட மறுபக்கம் விலகியிருத்தல்.

திரும்பியிருத்தல் பெரும்பாலும் எளிதிற் தீர்வது. உலோகப் பெட்டிகள் பலவற்றில் இரு காதுகளில் ஒன்று மேலும் கீழும் நகரும்படி அமைக்கப்பட்டுள்ளது. இதனை அறியாமற் சுவரை இடிப்பவர் பலர். எவ்வளவு நகர்த்துவது என்பதை இயல்பொத்த முக்கோணிகள் சொல்லும். தகட்டின் மேல் விளிம்பில் நீர்மட்டத்தை வைத்துப் பார்க்கும்பொழுது இடக்கோடி வலக்கோடியிலும் 3 மி.மீ. தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். அத்தாழ்வு 86 மி.மீ. தூரத்துக்கு உரியது. காதுகளின் இடைத்தூரம் 60.3 மி.மீ. ஆதலால், காதை உயர்த்த வேண்டிய அளவு 3 × 60.3 ÷ 86, அதாவது 2.1 மி.மீ. மட்டுமே. நகரும் காது வலப்பக்கம் இருந்தால் அதனை அதே அளவு தாழ்த்துக. கோணத்தாற் கூறின் அச்சரிவு 2 பாகை. கணித வகுப்பில் இம்முக்கோணிகள் எதற்கு என்று வினவும் மாணவர் இவ்விடத்தை நினைவிற் கொள்ளலாம். 6 மி.மீ. சரிவுக்கு 4.2 மி.மீ. வேண்டும். அவ்வளவு நகரும் காது அரிது. நகர்ந்தாலும், தகடு பெட்டியைச் சுற்றி மறைக்கும் ஓரம் ஏறக்குறைய 5 மி.மீ. மட்டுமே ஆதலாற் குழியின் மூலை வெளியே தெரியும். அதற்குப் பெட்டியையே மீளவைத்தல் வேண்டும்.

ஆளிக்கு அருகேயுள்ள கதவுநிலை சாய்ந்திருந்தால் ஆளியை நீர்மட்டத்துக்கு ஒப்ப வைப்பதா, நிலைக்கு ஒப்ப வைப்பதா என்று கேட்பர். கண் நிலையோடு ஒப்பிட்டே பார்க்கும் என்பது மெய். ஆயினும் நாம் நீர்மட்டத்தின் பக்கமே நிற்போம். கதவுநிலை ஒருநாள் திருத்தப்படலாம்.

அமிழ்ந்த பெட்டிக்கு நீண்ட திருகாணி வேண்டும், 50 மி.மீ., 75 மி.மீ. நீளமுள்ளவை கடைகளிற் கிடைக்கும். அதனோடு வேலை முடிந்ததெனக் கொள்வதுதான் தவறு. நீண்ட திருகாணியின் மிகுதி நீளம் காதைக் கடந்து பெட்டியினுள் நுழைந்து அங்குள்ள வயரைக் குத்தக்கூடும். காதைத் தாண்டி 5 அல்லது 6 மி.மீ. மட்டும் நிற்கும்படி வெட்டுதல் வேண்டும். வெட்டுமுன் திருகாணியிற் சுரையொன்றை ஏற்றிவிட்டு, வெட்டிய பின் அச்சுரையைக் கழற்றினால் முனையிற் கெட்ட புரி சீர்படும். அடுத்து, காதுக்கும் தகட்டுக்கும் இடையே வெறும் வெளி இருப்பதால் திருகாணியை இறுக்க இறுக்கத் தகடு நடுவில் உள்வாங்கும். நொருங்கும் தன்மையுள்ள பிளாஸ்ரிக்காயின் வெடிக்கும். காதிலிருந்து பூச்சின் முகம் வரையுள்ள ஆழத்தை அளந்து, அந்நீளத்துக்குக் கடினமான பிளாஸ்ரிக் குழாய்த்துண்டுகள் இரண்டை நறுக்கித் திருகாணிகளில் மாட்டிவிட்டால், தகடு சுவரிற் பொருந்தியதும் இறுக்கம் தானே நிற்கும். குழியின் பக்கங்கள் சாந்தாலான இடத்துக்கே இது பொருந்தும். மரப்பலகை வேய்ந்த சுவரில் தீப்பொறிக்கும் மரத்துக்கும் இடையே தடுப்பு வேண்டுமாதலாற் பெட்டியை முன்னுக்குக் கொணரும் நீட்டுச்சட்டம் இன்றியமையாதது.

புடைத்த பெட்டி மற்றையவற்றிலும் கடினமானது. சுற்றிலும் பூச்சை உயர்த்தி மறைப்பவர் உளர். சுவரிற் கட்டி எழுந்தது போலிருக்கும். பிளாஸ்ரிக் பெட்டியாய், காதுகள் விளிம்பிலிருந்து சற்றே உள்வாங்கியிருந்தால், ஒரு மி.மீ. அளவுக்கு விளிம்பை அரத்தால் தேய்க்கலாம். அதற்கு மேற்பட்ட புடைப்புக்குத் தகட்டின் அளவாகவே செய்யப்பட்ட இடைச்சட்டத்தைத் தகட்டின் பின்னே வைத்தல் ஒரு வழி. ஆளி முழுவதும் முன்னே நிற்குமாயினும் வெடிப்பின்றி மூடியிருக்கும், பூச்சியும் தூசும் புகா. இவ்வழி வேண்டாதார் பெட்டியைக் கழற்றி ஆழப்படுத்துதல் வேண்டும்.

ஒரு பக்கம் விலகிய தகட்டைத் திருகாணியால் இழுத்து அடக்க முயல்வோரே மிகப் பலர். முதலிற் சுவர்தட்டும் பக்கத்தை நோக்குக. அங்கு தகட்டின் ஓரத்தின் கீழே சாந்துப் பருக்கையொன்று கிடத்தல் வழக்கம். அதனைச் சுரண்டினாலே பாதிக் குறை போம். எஞ்சியதற்கு மேற்கூறிய குழாய்த்துண்டை ஒரு பக்கத்துக்கு நீளமாகவும் மறுபக்கத்துக்குக் குட்டையாகவும் வெட்டி வைக்கலாம்.

பெட்டியை மீளவைக்கும் வேலைக்கு வருவோம். ஒவ்வொரு வயரும் எந்த முனையில் இருந்ததென்பதைக் கடதாசித் துண்டில் எழுதி அதன்மேற் கட்டியபின்னரே கழற்றுக. மாடிப்படியின் இருவழி ஆளியில் இது மறந்தால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். முனைகளுக்குக் காவலி நாடா சுற்றி, வயரைக் குழாயினுள் தள்ளி, குழாயின் வாயை அடைத்துவிடுக. பெட்டியைச் சுற்றியுள்ள சாந்தில் உளியை ஓங்குவதிலும் சிறு துளைகளை நெருக்கமாக இட்டுக் கழற்றுவது நன்று. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணக்கல்லும் கொண்டு கட்டிய எமது பழைய சுவர்களிற் சுத்தியல் ஒருமுறை பட்டால், பெட்டி இருந்த இடத்தில் மூன்று பெட்டி வைக்கும் குழி உண்டாகும்.

குழியைத் துப்புரவாக்கி, நீர் தெளித்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கொண்டு இறுக்கமாகக் குழைத்த சாந்தை இடுக. பெட்டியைக் கையாற் பிடித்து நிறுத்தும் வழக்கத்தை விட்டுவிடுக. ஓரடி நீளமுள்ள நேரான பலகைத் துண்டொன்றில் 60.3 மி.மீ. இடைவெளியில் இரு துளைகள் இட்டு, அதனைப் பெட்டியின் காதுகளிலே திருகாணியாற் பூட்டி, பெட்டியின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே 2 மி.மீ. தடித்த அட்டைத் துண்டுகளை வைத்துவிடுக. இப்பொழுது பெட்டியைக் குழியினுள் அழுத்தினாற் பலகையின் இரு கோடிகளும் இருபுறத்துப் பூச்சில் முட்டி நிற்கும். ஆழம் தானே சரியாகிவிடும். சுவரின் தளத்துக்கு ஒப்பாகவும் நின்றுவிடும். பலகையின் மேல் நீர்மட்டத்தை வைத்துத் திருப்பத்தை மட்டும் சரிசெய்தாற் போதும். பெட்டியைப் பிடிப்பது சுவரே ஆதலாற் கை நடுங்கினாலும் பிழை வராது. பின்புறம் கற்சில்லுகளை இறுக்கி, பலகையை ஆணியால் தற்காலிகமாக நிறுத்தி, ஒரு நாள் விட்டு அகற்றுக. ஈரச் சாந்து மின்னைக் கடத்தும். ஆதலால் மேலும் இரண்டு மூன்று நாள் உலரவிட்டே மின்னைத் தொடுத்தல் வேண்டும். அதுவரை விளக்கில்லையே என்று பிள்ளைகள் முறையிடுவர், பொறுத்துக்கொள்ளச் சொல்லுக.

வயரைத் திரும்பப் பூட்டும்பொழுது அவசரம் ஆகாது. கேத்தல் ஒன்று 2 கிலோவாற்று வலுவுடையதாயின் 230 வோல்ற்றில் அது எடுக்கும் மின்னோட்டம் 8.7 அம்பியர். தளர்ந்த முனையொன்றில் 0.1 ஓம் தடை இருந்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, 7.6 வாற்று வெப்பம் அவ்வொரு புள்ளியில் உண்டாகும். பற்றுவைக்கும் சிறு கோலொன்றைக் காற்றோட்டமற்ற பெட்டியினுள் வைத்து மூடியதற்கு இது ஏறக்குறைய ஒப்பு. பிளாஸ்ரிக் மஞ்சளித்து, கருகி, மணம் வரத் தொடங்குவதற்கு இதுவே காரணம். ஆகவே ஒவ்வொரு முனையையும் இறுக்கிய பின் வயரைச் சிறிது இழுத்துப் பார்க்க. உலோகப் பெட்டியாயின் குதையின் புவிமுனையிலிருந்து பெட்டியின் புவிமுனைக்குத் தனியே ஒரு துண்டு வயர் செல்லுதல் வேண்டும். நகரும் காதின் வழியாகவே புவித்தொடுப்பு வந்துவிடும் என்று கருதுவோருடன் நாம் உடன்படோம். நகரும் பொருளைத் தொடுப்பென நம்புதல் தகாது. பழைய வயரிற் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவி. புதியதிற் கபிலம், நீலம், பச்சைமஞ்சள். இரண்டும் ஒரே பெட்டியிற் கலந்திருந்தால், அல்லது நிறங்கள் இவ்விரண்டிலும் அடங்காவிடின், தகுதிபெற்ற மின்வினைஞரை அழைத்தல் வேண்டும்.

தகட்டைத் தள்ளும்பொழுது வயர்கள் எதிர்த்தால் இறுக்காது கழற்றி, அவற்றை மடித்து ஒழுங்குபடுத்தி மீண்டும் தள்ளுக. இரு திருகாணிகளையும் மாறிமாறி, கடைசிச் சுற்றை நீர்மட்டம் பார்த்தே திருப்புக. மின்னை விட்டபின் கேத்தலை இரண்டு மூன்று தடவை தொடர்ந்து கொதிக்க வைத்துத் தகட்டிற் கைவைத்துப் பார்க்க. இளஞ்சூடு கடந்திருந்தால் மின்னை நிறுத்தி முனைகளை மீண்டும் பார்த்தல் வேண்டும். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை வெளி எஞ்சினால் அதனை நிறப்பூச்சால் நிரப்பவேண்டாம். அடுத்த முறை தகட்டைக் கழற்றுபவர் சுவரின் நிறத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுப்பார்.